துளைபட்ட தலைக்கவசம்

நுழையும்முன்

மதிலுக்கு வெளியே பெரும்படை. உள்ளே காத்து நிற்போர் சிலர். இச்சூழலை நொச்சி என்னும் திணையில் அடக்கிப் பாடியது தமிழ். உலகத் திரைப்படங்களும் இதே சூழலைப் பலமுறை கையாண்டுள்ளன. பத்தே நாளில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, இன்று பலரும் பெயர்கூட அறியாத ஓர் அமெரிக்கப் படம், மதிலுக்கு வெளியே நிற்கும் பகையைவிட உள்ளே எழும் வினாக்களுக்கு மிகுதியான இடம் தந்தது. அப்படத்தைப் பற்றிப் பேசுகிறது இப்பாடம்.

திரையில் ஓர் இரும்புத் தலைக்கவசம். அதில் குண்டு பாய்ந்த துளை ஒன்று. படத்தில் பணியாற்றியோரின் பெயர்கள் அதன்மீதே தோன்றி மறைகின்றன. இறந்துபோன ஒருவருடையது என்றே பார்ப்பவர் எண்ணுவர். பெயர்கள் முடிந்ததும் அது அசைகிறது; மெல்ல உயர்கிறது. அதன் அடியில் இரு கண்கள் அங்குமிங்கும் பார்க்கின்றன. கைகள் பின்புறம் கட்டப்பட்ட நிலையில் ஒரு மனிதர் தரையில் ஊர்ந்து வருகிறார். சிறைபிடிக்கப்பட்டுக் கட்டிய கையோடு சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு படைக்குழுவில் உயிர்தப்பியவர் அவர் ஒருவரே. அப்போது துப்பாக்கி ஏந்திய யாரோ நெருங்கி வருவது தெரிகிறது. வெறுங்கால்கள் மட்டும் முதலில் தென்படுகின்றன. பகைவன் என்று நாம் அஞ்சும்போது, வந்தவன் ஒரு கொரியச் சிறுவன் என்பதும், அவன் கட்டுகளை அறுக்க வந்தவன் என்பதும் புலனாகின்றன.

'தி ஸ்டீல் ஹெல்மெட்' என்னும் அப்படம் 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் சாமுவேல் ஃபுல்லர். கொரியப் போர் 1950 ஜூன் 25இல் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே படப்பிடிப்பு நடந்தது. போர் முடிந்து, வென்றது யார், தோற்றது யார் என்று கணக்கிட்டபின் எடுக்கப்படும் படங்களே உலகில் மிகுதி. இதுவோ போர் எப்பக்கம் சாயும் என எவரும் அறியாத நாளில் எடுக்கப்பட்டது. கொரியப் போரைப் பற்றிய முதல் அமெரிக்கக் கதைப்படம் என்றும் இதனைச் சொல்வர்.

பத்து நாள், ஒரு பூங்கா

படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,04,000 டாலர். அந்நாளைய பெரிய படநிறுவனங்கள் ஒரு படத்துக்குச் செலவிட்டதன் சிறு பங்குதான் இது. மலிவான படங்களை விரைந்து எடுத்து வெளியிடும் ராபர்ட் லிப்பர்ட் என்பவரே தயாரிப்பாளர். ஃபுல்லர் ஒரு வாரத்தில் கதையை எழுதினார்; பத்து நாளில் படமாக்கினார். கொரியாவின் மலைச்சரிவுகளாகத் திரையில் தோன்றுபவை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் உள்ள மேடுகள். படையெடுத்து வரும் கூட்டம், 25 கல்லூரி மாணவர்கள். பகைவரின் பீரங்கி வண்டி, ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது. காட்டுப்பகுதிக் காட்சிகள் பல, அரங்குக்குள் புகையைப் பரப்பி எடுக்கப்பட்டவை.

இந்த இல்லாமையைப் படத்தின் குறையாக மட்டும் கருத இயலாது. மூடுபனிக்குள் நடக்கும் வீரர்களுக்குப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை, பார்ப்பவருக்கும் தெரிவதில்லை. குண்டு எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் புரிவதில்லை. ஆயிரம் பேரை நிறுத்திச் சேய்மைக் காட்சியில் காட்டியிருந்தால் போர்க்களத்தின் பரப்பு தெரிந்திருக்கும்; அச்சம் தெரிந்திருக்காது. பரப்பைக் காட்டப் பணம் இல்லாமையால் ஒளிப்படக் கருவி முகங்களை நோக்கித் திரும்பியது. மழிக்கப்படாத தாடி, உறங்காத கண், வாயோரத்தில் கடித்த சுருட்டு ஆகியவற்றின் அண்மைக் காட்சிகளே படத்தின் செல்வம்.

ஒரு பெரிய நிறுவனம், புகழின் உச்சியில் இருந்த ஜான் வெய்னைத் தலைமை வேடத்துக்குப் பரிந்துரைத்ததாகவும், தாம் மறுத்துவிட்டதாகவும் ஃபுல்லர் பின்னாளில் கூறினார். வெய்ன் நடித்திருந்தால் அது வீரத்தின் படமாகியிருக்கும். ஃபுல்லர் தேர்ந்தெடுத்த ஜீன் எவன்ஸ், அன்று எவரும் அறியாத நடிகர். இரண்டாம் உலகப்போரில் படைவீரராகப் பணியாற்றியவர். சார்ஜென்ட் சாக் என்னும் வேடத்தில் அவர் துப்பாக்கியை ஏந்தும் முறையில் மிடுக்கு எதுவும் இல்லை. நெடுநாள் சுமந்தவரின் சலிப்பே தெரிகிறது.

ஃபுல்லரும் அவ்வாறே சுமந்தவர். 1912இல் பிறந்த அவர், சிறுவயதில் தெருவில் செய்தித்தாள் விற்றார். பதினேழாம் வயதில் நியூயார்க் நகரின் ஒரு நாளிதழில் குற்றச்செய்தியாளர் ஆனார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் முதலாம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து, வட ஆப்பிரிக்கா, சிசிலி, நார்மண்டிக் கடற்கரை எனப் போரின் கொடிய களங்களைக் கடந்தார். அந்தப் போர்க்கள அனுபவமே இப்படத்தின் மூலதனம். லிப்பர்ட் கொடுத்த டாலர் அதற்கு அடுத்ததுதான்.

கோயில் ஒன்று காவல் அரணாகிறது

சாக், தம்மை விடுவித்த சிறுவனை உடன் அழைத்துச் செல்ல முதலில் விரும்பவில்லை. கொரியர்களை இழிவாகச் சுட்டும் படைவீரர்களின் வசைச்சொல்லால் அவனை அழைக்கிறார். தான் அந்தச் சொல்லுக்குரியவன் அல்லன், கொரியன் என்று சிறுவன் திருத்துகிறான். ஷார்ட் ரவுண்ட் என்று அவனுக்குப் பெயரிடுகிறார் சாக். இருவரும் நடக்கையில் தாம்சன் என்னும் மருத்துவ உதவியாளரைச் சந்திக்கின்றனர். அவர் கறுப்பினத்தவர், அவரும் தம் குழுவில் எஞ்சியவர். பின்னர் வழிதவறிய ஒரு ரோந்துக் குழு அவர்களுடன் சேர்கிறது. அதன் தலைவர் லெப்டினன்ட் டிரிஸ்கால். குழுவில் ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரான சார்ஜென்ட் தனாகா இருக்கிறார். சென்ற உலகப்போரில் மனச்சான்றின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்து, இப்போது ஏந்தியிருக்கும் பிராண்டி என்பவரும் இருக்கிறார்.

வழியில் ஓர் அமெரிக்க வீரரின் உடல் கிடக்கிறது. அதன் கழுத்திலுள்ள அடையாளத் தகட்டை எடுத்துவரும்படி லெப்டினன்ட் ஆணையிடுகிறார். இறந்தவரை அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார் சாக். ஆணை நிறைவேற்றப்படுகிறது. உடலின் அடியில் வைக்கப்பட்டிருந்த கண்ணிவெடி, எடுக்கச் சென்றவரைக் கொல்கிறது. இறந்தவர்க்கு மதிப்புச் செய்ய நினைத்த நல்லெண்ணமே இன்னோர் உயிரைப் பறித்துவிட்டது. இயக்குநர் இங்கு எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. லெப்டினன்ட் தீயவரும் அல்லர். சாக் கூறியது கேட்பதற்கு இனியதும் அன்று.

குன்றின்மேல் உள்ள பௌத்தக் கோயில் ஒன்றைக் கைக்கொண்டு, அங்கிருந்து பகைவரின் நகர்வுகளைக் கண்காணிப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அந்தக் கோயிலே காவல் அரணாகிறது. நடுவில் மாபெரும் புத்தர் சிலை, சுற்றிலும் துப்பாக்கிகள். காயமுற்றவருக்கு ஏற்றும் குருதிநீர்க் குப்பி புத்தரின் கையில் தொங்குகிறது. இக்காட்சிக்கு விளக்கவுரை எதையும் படம் தரவில்லை.

கோயிலில் சிறிய இசைப்பெட்டி ஒன்றைப் பிராண்டி மீட்டுகிறார். ஆண்டு பிறக்கும் நாளில் ஆங்கிலம் பேசும் நாடுகளில் பாடப்படும் 'ஆல்டு லாங் சைன்' என்னும் ஸ்காட்லாந்து மெட்டு அது. சிறுவன் எழுந்து நின்று அதே மெட்டில் கொரிய மொழியில் பாடுகிறான். அவனுக்கு அது நாட்டுப்பண். கொரியர்கள் தங்கள் நாட்டுப்பண்ணைத் தனி இசையமைப்புக் கிடைப்பதற்கு முன் இம்மெட்டில்தான் பாடிவந்தனர். ஒருவருக்குப் புத்தாண்டுக் கொண்டாட்டம், இன்னொருவருக்கு நாடு. போர்ப்படம் ஒன்றில் இவ்வளவு அமைதியான காட்சி அரிது.

கைதி கேட்ட வினாக்கள்

வடகொரிய அதிகாரி ஒருவர் கோயிலுக்குள்ளேயே மறைந்திருக்கிறார். இரவில் ஒருவரைக் கொன்றபின் அவர் பிடிபடுகிறார். படத்தின் உயிர்நிலை இங்கிருந்து தொடங்குகிறது. வெளியே படை திரண்டுகொண்டிருக்க, உள்ளே ஒரு கைதி சொற்களால் அரணைத் தாக்குகிறார்.

தம் காயத்துக்குக் கட்டுப்போடும் தாம்சனிடம் அவர் கேட்கிறார்: உன் நாட்டில் நீ வெள்ளையரோடு அமர்ந்து உண்ண முடியாது, பேருந்தில் பின்னிருக்கையில்தான் அமர வேண்டும், பிறகு யாருக்காகப் போரிடுகிறாய்? தாம்சன் கட்டுப்போடுவதை நிறுத்தவில்லை. நூறு ஆண்டுகளுக்குமுன் பேருந்தில் ஏறவே தம்மவர்க்கு உரிமை இல்லை. இன்று பின்னால் அமர முடிகிறது. இன்னும் ஐம்பது ஆண்டுகளில் நடுவில் அமரலாம், ஒருநாள் முன்னால் அமரலாம். சிலவற்றை அவசரப்படுத்த இயலாது என்னும் பொருள்பட விடையளிக்கிறார்.

இன்று இவ்விடையைக் கேட்பவர்க்கு நெஞ்சம் உறுத்தும். ஐம்பது ஆண்டுகள் பொறுப்பது என்பது ஒரு மனிதரின் வாழ்நாளைப் பொறுப்பதாகும். படம் வெளிவந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1955 டிசம்பர் 1இல் மாண்ட்காமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் பெண்மணி, பேருந்தில் தம் இருக்கையை விட்டெழ மறுத்தார். தாம்சனின் பொறுமை அத்துடன் காலாவதியாயிற்று. ஆயினும் அன்றைய அமெரிக்கத் திரையில் அவ்வினா கேட்கப்பட்டதே பெரிது. படையில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் 1948இல்தான் பிறப்பித்திருந்தார். தாம்சனாக நடித்த ஜேம்ஸ் எட்வர்ட்ஸின் முகத்தை அந்த விடையின்போது உற்றுநோக்கினால், அவர் சொல்லும் சொற்களை அவரே முழுவதும் நம்பவில்லையோ என்னும் ஐயம் தோன்றுகிறது.

அடுத்து, தனாகாவிடம் திரும்புகிறார் கைதி. நம் இருவர் கண்களும் ஒரே அமைப்புடையவை. அவர்கள் நம்மை அக்கண்களுக்காகவே வெறுக்கின்றனர். சென்ற போரில் உன்னைப் போன்றவர்களை முகாம்களில் அடைத்தார்கள் அல்லவா? தனாகா மறுக்கவில்லை, ஆம் என்கிறார். 1942 பிப்ரவரி 19இல் வெளிவந்த அதிபரின் ஆணையால், ஜப்பானிய வழிவந்த ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பெற்றோர் முகாமில் இருக்க, மக்கள் ஐரோப்பாவில் 442ஆம் படைப்பிரிவில் நின்று அமெரிக்காவுக்காகப் போரிட்டனர். இச்செய்தியை அமெரிக்கத் திரையில் வாய்திறந்து பேசிய முதற்படங்களுள் இதுவும் ஒன்று. அந்நாட்டு அரசு முறையாக மன்னிப்புக் கேட்டது 1988இல்தான்.

தனாகாவாக நடித்த ரிச்சர்ட் லூ, சீன வழிவந்தவர். உலகப்போர்க்காலப் படங்களில் கொடிய ஜப்பானிய அதிகாரியாக வந்து அமெரிக்கப் பார்வையாளரின் வெறுப்பைச் சம்பாதித்தவர். அதே முகம் இப்படத்தில், தான் ஓர் அமெரிக்கன் என்று உரைக்கிறது.

கைதியின் நோக்கம் பிளவு உண்டாக்குவதே. அவர் கேட்டவை உண்மையே ஆயினும், தாம்சனும் தனாகாவும் பட்ட துன்பத்துக்காக அவர் இரங்கவில்லை. எனவேதான் இக்காட்சி கூர்மை பெறுகிறது. ஒரு நாடு தன் மக்களுக்கு இழைத்த அநீதியைப் பகைவர் எடுத்துக்கூறினால் அது பொய்யாகிவிடுமா? வீரர் இருவரும் பொய் என்று சொல்லவில்லை. உண்மை என ஒப்புக்கொண்டு, அதன்பிறகும் தம் இடத்தில் நிற்கின்றனர். அந்நிலை சரியா என்று இயக்குநர் தீர்ப்பு வழங்கவில்லை.

ஒரு தாளும் ஒரு குற்றமும்

ஷார்ட் ரவுண்ட் ஒரு பழக்கமுடையவன். புத்தரிடம் வேண்டுவதைத் தாளில் எழுதி முதுகில் குத்திக்கொள்வான். பகைவரின் குண்டுக்கு அவன் இரையாகிறான். அவன் முதுகிலிருந்த தாளில், சார்ஜென்ட் சாக் தன்னை விரும்பவேண்டும் என்னும் வேண்டுதல் இருக்கிறது. அதைக் கேட்டுக் கைதி எள்ளி நகைக்கிறார். சாக் அந்த நொடியில் அவரைச் சுட்டுவிடுகிறார். ஆயுதமற்ற போர்க்கைதியைச் சுடுகிறார். சுட்டபின், சாகக்கூடாது என்று அதே மனிதரை உலுக்குகிறார். கைதி இறந்துபோகிறார்.

கதைத்தலைவன் குற்றவாளியாகும் இவ்விடத்தில் படம் நின்றுவிடவில்லை. அதற்கு நியாயமும் கற்பிக்கவில்லை. படம் தொடங்கும்போது கட்டிய கையோடு கொல்லப்பட்டவர்கள் சாக்கின் தோழர்கள். இறுதிக்குச் சற்றுமுன் கைதியைக் கொல்பவர் சாக். இரண்டும் ஒரே செயல் என்பதைப் பார்ப்பவரே இணைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார் ஃபுல்லர்.

அமெரிக்கப் படைத்துறை இதை விரும்பவில்லை. அமெரிக்க வீரர் கைதியைச் சுடுவதாகக் காட்டலாமா என்று விளக்கம் கேட்டனர். இத்தகையது நடப்பதுண்டு, தாம் போரில் கண்டதே என்றார் ஃபுல்லர். நார்மண்டிக் கடற்கரையில் தம் படையணிக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் டெய்லரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் கூறினார். டெய்லர் அதனை உறுதிப்படுத்தினார். இதழ்களுள் சில, இது பொதுவுடைமையாளர்க்கு ஆதரவான படம் என்றன. பொதுவுடைமையாளரின் நாளிதழோ இதனைப் பிற்போக்கான படம் என்றது. இருபுறமும் அடிபட்ட படம், முதலீட்டைப்போல் பன்மடங்கு ஈட்டியது என்பது வேறு செய்தி.

கைதிகள் சிக்கல் திரைக்கதைக்காகப் புனையப்பட்டதன்று. கொரியப் போர்நிறுத்தப் பேச்சு ஏறத்தாழ ஈராண்டுகள் இழுபட்டதற்கு முதன்மைக் காரணமே கைதிகளை என்ன செய்வது என்பதுதான். இதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. தாய்நாடு திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளைப் பொறுப்பேற்ற நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் இந்தியப் படைத்தளபதி கே. எஸ். திம்மையா. அவர்களைக் காவல் காத்ததும் இந்தியப் படையே. அதற்கும் முன்னர், ஃபுல்லர் படப்பிடிப்பை முடித்த மறுமாதமான 1950 நவம்பரிலேயே, லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் இந்தியாவின் 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவு கொரியாவில் இறங்கிவிட்டது. போரிட அன்று, மருந்திட. பகைவரின் காயத்துக்குக் கட்டுப்போடும் தாம்சனின் கைகளைத் திரையில் காணும்போது, அப்பனிக்களத்தில் பணியாற்றிய அக்கைகளும் நினைவுக்கு வரும்.

குறைகள் இல்லாமல் இல்லை. இறுதிப் போர்க்காட்சியில் பழைய செய்திப்படத் துண்டுகள் ஒட்டப்பட்டிருப்பது கண்ணை உறுத்துகிறது. இருபத்தைந்து பேரைக் கொண்டு பெருந்திரளைக் காட்டும் முயற்சி பல இடங்களில் தோற்கிறது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க இயலாதது ஒன்று உண்டு. இது கொரியாவின் மண்ணில் நிகழும் கதை. ஆனால் கொரியர் இருவருக்குமேல் இதில் முகம் இல்லை. ஒருவன் கள்ளமற்ற சிறுவன். மற்றவர் கரவுடைய பகைவர். அம்மண்ணில் உழுதவர், ஊரை விட்டோடியவர், இரு படைகளுக்கும் நடுவே சிக்கியவர் ஆகிய எவரும் திரைக்குள் நுழையவில்லை. அமெரிக்கருக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை அவ்வளவு கூர்ந்து கண்ட கண், அயலாரின் துன்பத்தின்மேல் நிலைகொள்ளவில்லை.

கோயிலை நோக்கிப் பெரும்படை வருகிறது. லெப்டினன்ட் டிரிஸ்கால் வீழ்கிறார், பிராண்டி வீழ்கிறார். குண்டுகளின் முழக்கத்தில் சாக்கின் அறிவு தடுமாறுகிறது. தாம் நிற்பது கொரியாவா, ஆறாண்டுகளுக்கு முந்தைய நார்மண்டிக் கடற்கரையா என அவருக்குத் தெரியவில்லை. தாக்குதல் ஓய்கிறது. எஞ்சியவர் நால்வர்: சாக், தாம்சன், தனாகா, தலைமுடியற்ற இளைஞர் ஒருவர். உதவிக்கு வந்த படையினர், நீங்கள் எந்தப் பிரிவினர் என்று வியந்து கேட்கின்றனர். காலாட்படை என்பதே விடை.

சாக்கின் தலைக்கவசம் நல்வாய்ப்பைத் தருவது என்று நம்பிய லெப்டினன்ட், முன்னொரு காட்சியில் அதை மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்தார், சாக் மறுத்திருந்தார். இப்போது லெப்டினன்ட் புதைக்கப்பட்ட மண்மேட்டில் நட்ட துப்பாக்கியின்மேல் அவருடைய தலைக்கவசம் இருக்கிறது. அதுவே அவருக்கு நடுகல். கிளம்பும் சாக் அங்கே நிற்கிறார். அதை எடுத்துக்கொண்டு, துளைபட்ட தம் தலைக்கவசத்தை அங்கே வைத்துவிட்டு, மற்றவர்களோடு நடக்கிறார்.

முற்றும் என்னும் சொல் திரையில் வருவதில்லை. இக்கதைக்கு முடிவு இல்லை என்னும் பொருள்படும் தொடர் ஒன்று வருகிறது. படம் திரையிடப்பட்ட நாள்களில் கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. 1953 ஜூலை 27இல் கையெழுத்தானது போர்நிறுத்த உடன்பாடு மட்டுமே. அமைதி உடன்படிக்கை இன்னும் கையெழுத்தாகவில்லை.